குடியுரிமைக்கு கப்ரு சாட்சி சொல்ல வேண்டுமா?

வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசிய மையவாடியில் கேப்டன் ஹுமாயூன் கான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். பெற்றோர் பாகிஸ்தானியர். பிறந்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறி, அங்கேயே படித்து ராணுவ அதிகாரி ஆனவர்.

2004 ஜூன் 8 அன்று இராக்கின் பகூபா அருகே, அவரது முகாமின் வாயிலை நோக்கி சந்தேகத்துக்கிடமான ஒரு டாக்ஸி வந்தது. தம்முடன் இருந்த வீரர்களைப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு, அதைத் தடுக்க அவர் மட்டும் முன்னே நடந்தார். வண்டி வெடித்தது. அப்போது அவருக்கு வயது 27.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் அவர் பெயரைக் கேட்டது. முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முற்றிலும் தடுக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் டிரம்ப் அறிவித்தார். 2016 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தந்தை கிஸ்ர் கான், சட்டைப்பையிலிருந்து அரசியல் சாசனத்தை எடுத்துக் காட்டி அதற்குப் பதில் சொன்னார். அருகில் மௌனமாக நின்ற தாய் கஸாலாவுக்குப் பேச அனுமதி இல்லையோ என்று டிரம்ப் கேலி பேசினார். மகனின் படத்தைப் பார்த்த துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அந்தத் தாயே விளக்க வேண்டியதாயிற்று.

டிரம்ப் அதிபரானதும், 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்களுக்குத் தடை வந்தது. ஹுமாயூன் உயிர்விட்ட இராக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. பின்னர் அந்நாடு நீக்கப்பட்டாலும், திருத்தப்பட்ட தடையை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் உறுதி செய்தது.

இதில் நாம் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேரழிவு ஆயுதங்கள் என்ற பொய்யைச் சொல்லி இராக் மீது தொடுக்கப்பட்டது அநியாயப் போர். ஒரு முஸ்லிம் அதிகாரியின் மரணம் அந்தப் போரை நியாயமாக்கிவிடாது. அதேநேரம், சக மனிதர்களைக் காக்கத் தம் உயிரை முன்வைத்த ஒருவரின் துணிவை மதிக்க நமக்குத் தயக்கமும் இல்லை.

அடுத்தது, அவரது கப்ரை தேசபக்திச் சான்றிதழாக நீட்டும் வழக்கம். "பாருங்கள், எங்களில் ஒருவரும் உயிர் கொடுத்தார்" என்று சொல்லும்போது நம்மை அறியாமலேயே ஒரு விலையை ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் ராணுவத்துக்கே போகாத டாக்ஸி ஓட்டுநருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் மாணவிக்கும் என்ன சான்று இருக்கிறது?

கிஸ்ர் கான் தம் உரையில் தேடிப் படிக்கச் சொன்னது 'சட்டத்தின் சமமான பாதுகாப்பு' என்ற சொற்களை. 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பைத் தருவது எந்த ஒரு நபருக்கும். உயிர்த் தியாகத்தை மட்டுமல்ல, குடியுரிமையைக்கூட அது நிபந்தனையாக வைக்கவில்லை.

ஹுமாயூன் கானை நினைவுகூர்வோம். ஆனால் வாழும் முஸ்லிமின் உரிமைக்கு இறந்தவரைச் சாட்சிக்கு அழைக்கும் நிலையை ஏற்க மறுப்போம்.