விளக்கு அணைந்த கோடம்பாக்கம்

சினிமா கொட்டகையில் விளக்கு அணைந்தால் ஜனங்கள் கை தட்டுவார்கள். படம் ஆரம்பம் என்று அர்த்தம்.

ஆனால், 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் விளக்கு அணைந்தபோது யாரும் கை தட்டவில்லை. அது கொரோனா என்னும் கொள்ளைநோய்க்குப் பயந்து அணைத்த விளக்கு.

மார்ச்சு 17-ந்தேதி தியேட்டர்கள் மூடப்பட்டன. 19-ந்தேதி படப்பிடிப்புகள் நின்றன. 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஒன்பதே நாளில் கோடம்பாக்கம் ஓய்ந்துவிட்டது.

அந்த உத்தரவில் குற்றம் சொல்வதற்கு இல்லை. மூடிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பேர் மூன்று மணி நேரம் நெருங்கி உட்காரும் இடம் தியேட்டர். மூச்சுக் காற்றில் பரவும் நோய்க்கு அதைவிட வசதியான இடம் ஏது? உயிர்தான் முதலில், படம் பிறகு.

ஆனால், கதவை மூடியதும் எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது? அதை நாடு மறந்துவிடக்கூடாது.

திரையில் தெரியாதவர்கள்

சினிமா என்றால் நடிகர், நடிகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திரையில் தெரிவது பத்து முகம். அதற்குப் பின்னால் உழைப்பவை நூறு ஜோடிக் கைகள்.

விளக்குகளைத் தூக்கிக் கட்டும் லைட்மேன், செட்டு போடும் தச்சர், வர்ணம் பூசுகிறவர், உடை தைப்பவர், மேக்கப் போடுகிறவர், சமையல்காரர், இலை போட்டுப் பரிமாறுகிறவர், வேன் டிரைவர், கதாநாயகனுக்காக மாடியில் இருந்து குதிக்கும் சண்டைக்காரர், பாட்டுக் காட்சியில் பின்வரிசையில் ஆடும் பெண்... இப்படி எத்தனையோ பேர்.

இவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். படப்பிடிப்பு நடந்தால் சம்பளம் உண்டு, பேட்டா உண்டு, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. நின்றால் ஒன்றும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஊரடங்கு என்பது வீட்டில் இருப்பது. தினக்கூலிக்காரருக்கு ஊரடங்கு என்பது பட்டினி.

இந்தத் தொழிலாளர்களின் பல சங்கங்களைச் சேர்த்த அமைப்பு, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். "பெப்சி" என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் சுமார் 25 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படப்பிடிப்பு நின்ற சில நாட்களிலேயே, அதன் தலைவர் ஆர்.கே.செல்வமணி திரை உலகத்தாரிடம் உதவி கேட்டார். அவர் கேட்டது மாடமாளிகை அல்ல. தொழிலாளர் வீட்டுக்கு அரிசி!

கேட்டதும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ரஜினிகாந்த் ரூ.50 லட்சம் கொடுத்தார். சிவகுமாரும் அவருடைய பிள்ளைகள் சூர்யா, கார்த்தியும் சேர்ந்து ரூ.10 லட்சம் கொடுத்தார்கள். பணம் கொடுத்தவர்களும் உண்டு. அரிசி மூட்டையாகக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களை வாழ்த்த வேண்டும்.

வாழ்த்திவிட்டு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். கோடி கோடியாகப் பணம் புரளும் தொழில் இது. ஒரு வாரம் வேலை நின்றதும், அந்தத் தொழிலாளி அரிசிக்குக் கையேந்த வேண்டி வந்தது ஏன்?

வட்டி தூங்காது

படம் எடுக்கிறவர் பாடும் கஷ்டம்தான். பெரும்பாலான படங்கள் கடன் வாங்கித்தான் எடுக்கப்படுகின்றன. படம் வெளிவந்தால்தான் கடன் அடையும். ஊர் அடங்கினாலும் வட்டி அடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அது தூங்காது.

விஜய் நடித்த "மாஸ்டர்" படம் 2020 ஏப்ரல் 9-ந்தேதி திரைக்கு வருவதாக இருந்தது. வந்தது 2021 ஜனவரி 13-ந்தேதி. ஒன்பது மாதம் அது காத்திருந்தது. பெரிய படம் தாங்கிக்கொண்டது. சிறிய முதலாளி எப்படித் தாங்குவார்?

பாதியில் நின்ற படத்தின் கதி இன்னும் மோசம். போட்ட செட்டுக்கு வாடகை ஏறும். மழையில் செட்டு நனையும். படத்தில் பத்து வயதுப் பையனாக வருகிறவன் மளமளவென்று வளர்ந்துவிடுவான். அடுத்த படத்துக்கு நடிகர் கொடுத்திருந்த தேதி வந்து மோதும். நின்ற படத்தை மீண்டும் தொடங்குவது, நின்ற வண்டியைத் தள்ளி ஓட வைப்பது போல.

இந்த நேரத்தில் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள முன்வந்த நடிகர்களும் உண்டு. நடிகர் விஜய் ஆண்டனி 2020 மே மாதத்தில், தம் சம்பளத்தில் 25 சதவீதத்தைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தார். நல்ல முன்மாதிரி.

எண்ணிக்கையில் விடுபட்டவர்கள்

அரசாங்கம் படிப்படியாக அனுமதி கொடுத்தது. முதலில், ஏற்கனவே எடுத்த படங்களை வெட்டி ஒட்டுவது, குரல் பதிவது போன்ற வேலைகள் மே 11-ந்தேதி தொடங்கின. பிறகு டெலிவிஷன் தொடர்கள். முதலில் 20 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். பின்னர் 60 பேர் வரை இருக்கலாம் என்றார்கள். சினிமா படப்பிடிப்புக்கு செப்டம்பர் மாதம்தான் வழி பிறந்தது. அதற்கும் 75 பேர்தான்.

நோயைத் தடுக்க எண்ணிக்கையைக் குறைத்தது நியாயமே. ஆனால், நூற்றுக்கும் அதிகமானவர்கள் வேலை செய்த இடத்தில் 75 பேர் என்றால், யாரை நிறுத்துவார்கள்? கதாநாயகனை நிறுத்த முடியாது. கேமராமேனை நிறுத்த முடியாது. கூட்டக் காட்சியில் நிற்கும் துணை நடிகரைத்தான் நிறுத்த முடியும். படப்பிடிப்பு தொடங்கிவிட்டது என்று பத்திரிகையில் செய்தி வந்த பிறகும், அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை.

டெலிவிஷனிலும் இதே கதை. புதிய காட்சிகள் தீர்ந்ததும் பழைய தொடர்கள் மீண்டும் வந்தன. தூர்தர்ஷன், மார்ச்சு 28-ந்தேதி முதல் பழைய "ராமாயணம்" தொடரை மறுபடியும் காட்டியது. வீட்டில் இருந்த ஜனங்கள் ஆவலோடு பார்த்தார்கள். பார்ப்பவர்களுக்குப் பொழுது போயிற்று. ஆனால், பழைய தொடரைக் காட்ட லைட்மேன் வேண்டாம், தையற்காரர் வேண்டாம். மீண்டும் படப்பிடிப்பு தொடங்கியபோது வெளிமாநில நடிகைகள் சிலரால் வர முடியவில்லை. அவர்கள் இடத்துக்கு வேறு முகங்கள் வந்தன. சில தொடர்கள் முடிவு காணாமலே நின்றுபோயின.

வீட்டுக்கு வந்த படம்

தியேட்டர் மூடிக் கிடந்தபோது படத்துக்கு வேறு வழி திறந்தது. இணையம் மூலம், வீட்டில் இருந்தபடியே செல்போனிலும் டெலிவிஷனிலும் புதுப் படம் பார்க்கும் வழி அது. ஓ.டி.டி. என்று அதைச் சொல்கிறார்கள்.

ஜோதிகா நடித்த "பொன்மகள் வந்தாள்" 2020 மே 29-ந்தேதி, தியேட்டருக்கு வராமல் நேராக வீட்டுக்கே வந்தது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். அந்தப் பட நிறுவனத்தின் படங்களை இனித் திரையிடமாட்டோம் என்று முன்னதாகவே எச்சரித்தார்கள். நவம்பர் 12-ந்தேதி சூர்யாவின் "சூரரைப் போற்று" படமும் அதே வழியில் வந்தது. அதை விற்ற பணத்தில் ரூ.5 கோடியை உதவிக்காக ஒதுக்குவதாக சூர்யா அறிவித்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் உண்டு. படம் எடுத்தவருக்கு வட்டி கட்ட வேண்டும். தியேட்டர்காரருக்குப் படம் வேண்டும். ஆனால் இந்தச் சண்டையில் பேசாமல் நின்ற மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. டிக்கெட் கிழிக்கிறவர், ஆபரேட்டர், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர், இடைவேளையில் முறுக்கு விற்பவர், இரவோடு இரவாகப் போஸ்டர் ஒட்டுகிறவர். வீட்டுக்கு வரும் படத்துக்கு இவர்களில் யாருமே தேவை இல்லை.

பாதி நாற்காலி

நவம்பர் 10-ந்தேதி தியேட்டர்கள் திறந்தன. ஏறத்தாழ எட்டு மாதம் கழித்துத் திறந்தும், பாதி நாற்காலிகளில்தான் ஆட்களை உட்கார வைக்கலாம் என்று கட்டுப்பாடு. பொங்கலுக்கு "மாஸ்டர்" வந்த பிறகுதான் கொட்டகைகளில் மறுபடியும் விசில் சத்தம் கேட்டது. அதுவும் நிலைக்கவில்லை. இரண்டாவது அலை அடித்தது. 2021 ஏப்ரல் 26-ந்தேதி மீண்டும் பூட்டு. ஆகஸ்டு 23-ந்தேதிதான் திறப்பு.

சில கொட்டகைகள் திறக்கவே இல்லை. வட சென்னை தண்டையார்பேட்டையில் 1967-ம் ஆண்டு முதல் நடந்து வந்த அகஸ்தியா தியேட்டர், 2020-ம் ஆண்டோடு மூடப்பட்டது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை படம் பார்த்த இடம் அது.

பணத்தால் அளக்க முடியாத நஷ்டமும் உண்டு. பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்டு மாதம் கொரோனாவுடன் மருத்துவமனையில் சேர்ந்தார். செப்டம்பர் 25-ந்தேதி காலமானார். நின்ற படத்தை மறுபடியும் எடுக்கலாம். அந்தக் குரலுக்கு எங்கே போவது?

மழைக்கு முன் குடை

இப்படி நடப்பது இது முதல் தடவை அல்ல. 1918-ம் ஆண்டு விஷக் காய்ச்சல் உலகத்தை ஆட்டிப்படைத்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் கொட்டகைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில், நான்கு வாரத்துக்குப் புதுப் படம் வெளியிடுவதில்லை என்று அங்குள்ள பட முதலாளிகள் முடிவு செய்தார்கள். பிறகு நோய் போயிற்று; சினிமா பிழைத்தது. கொரோனாவிலும் சினிமா பிழைத்துவிட்டது. ஆனால் தொழில் பிழைப்பது வேறு, தொழிலாளி பிழைப்பது வேறு. இன்னொரு நோய் என்றைக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

மழை கொட்டும்போது குடை தைக்க முடியாது. வெயில் அடிக்கும்போதே தைத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்தின் செலவிலும் ஒரு சிறு பங்கைத் தொழிலாளர் நிதிக்கு ஒதுக்க வேண்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது தொழிலாளிக்குச் சேர வேண்டும். இணையத்துக்குப் படத்தை விற்றாலும், டெலிவிஷன் தொடர் எடுத்தாலும் இதே முறை இருக்க வேண்டும். திரைப்படத் தொழிலாளர்களுக்கு அரசாங்க நல வாரியம் இருக்கிறது. அதில் பெயர் பதியாத தொழிலாளி ஒருவர்கூட இருக்கக்கூடாது. பதிந்து கொடுப்பதைச் சங்கங்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். கொட்டகை ஊழியர்களையும் விட்டுவிடக்கூடாது.

ஆபத்து வந்த பிறகு கொடுப்பது தர்மம். ஆபத்துக்கு முன்பே எடுத்து வைப்பது உரிமை. உழைப்பவனுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

திரையில் வெளிச்சம் விழுவதற்காக விளக்கைத் தூக்கி நிற்பவன் ஒருவன். அவன் வீட்டு விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது, அந்த வெளிச்சத்தில் வாழ்கிற அத்தனை பேருடைய பொறுப்பு!