பட்டியலின் முதல் பெயர்

இத்தாலியின் தேசியக் கால்பந்துக் கோப்பைக்கு 'கோப்பா இத்தாலியா' என்று பெயர். அதை வென்றவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் யுவென்டஸ், ரோமா, இன்டர், மிலன், நாபோலி என்று உலகமே அறிந்த பெயர்களாக வரிசை கட்டி நிற்கும். ஆனால், பட்டியலின் முதல் வரியில், 1922-ம் ஆண்டுக்கு நேராக இருக்கும் பெயரைப் பலரும் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். அது வாடோ!

இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில், லீகுரியா மாநிலத்தில், சவோனா நகரத்தை ஒட்டி இருக்கிற சின்ன ஊர்தான் வாடோ லீகுரே. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் தொழிற்சாலைகள். இன்றைக்கும் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. இங்கே 1913-ல் ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். சீருடை, சிவப்பும் நீலமும். கால்பந்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை வீரர்களை இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்றுக்கொள்ளவே இல்லை.

இப்படிப்பட்ட ஒரு கிளப் தேசியக் கோப்பையை எப்படி வென்றது? அதற்குக் காரணம் ஒரு சண்டை.

1920-21 பருவத்தில் இத்தாலியின் முதல்நிலைப் போட்டியில் 80-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடின. 'இத்தனை அணிகள் வேண்டாம். முதல் நிலையில் 24 போதும்' என்று ஒரு திட்டம் தயாரித்தார் விட்டோரியோ போட்ஸோ. பின்னாளில் 1934, 1938 உலகக் கோப்பைகளை இத்தாலிக்கு வென்று தந்த அதே பயிற்சியாளர்தான். பெரிய கிளப்களுக்குத் திட்டம் பிடித்திருந்தது. பலவீனமான அணிகளோடு ஆடினால் டிக்கெட் விற்காது, பயணச் செலவுதான் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. சின்ன கிளப்களுக்கோ அது வாழ்வா, சாவா பிரச்னை. முதல் நிலையிலிருந்து இறங்கினால் பெரிய அணிகள் ஊருக்கு வராது. அவர்கள் வராவிட்டால் கூட்டம் வராது. கூட்டம் இல்லாவிட்டால் கிளப்பை நடத்தவே முடியாது. கூட்டமைப்பில் சின்ன கிளப்களின் எண்ணிக்கை அதிகம். ஓட்டுப் போட்டுத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள்.

கோபித்துக்கொண்ட பெரிய கிளப்கள் தனிக்குடித்தனம் போய்விட்டன. யுவென்டஸ், மிலன், இன்டர், ஜெனோவா எல்லோரும் சேர்ந்து தனியாக ஒரு சங்கம் அமைத்தார்கள். அதனால் 1922-ல் இத்தாலிக்கு இரண்டு சாம்பியன்கள். அங்கே ப்ரோ வெர்செல்லி, இங்கே நோவேசே. மிச்சம் இருந்த சின்ன கிளப்களை வைத்துத்தான் கூட்டமைப்பு புதிதாக ஒரு கோப்பைப் போட்டியை நடத்தியது. அதுவே முதல் கோப்பா இத்தாலியா. வாடோ அப்போது ஆடிக்கொண்டிருந்தது இரண்டாம் நிலையில்.

அரையிறுதியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தின் லிபெர்தாஸ் அணியைத் தோற்கடித்து இறுதிக்கு வந்தது வாடோ. 1922 ஜூலை 16. நல்ல வெயில் காலம். ஆட்டம் வாடோவின் சொந்த மைதானத்திலேயே. எதிரணியான உடினேசே, நாட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து வரவேண்டியிருந்தது. வாடோ அணியில் பாபோனி என்ற ஒரே குடும்பப் பெயரோடு மட்டும் மூன்று பேர் ஆடினார்கள். எவ்வளவு சின்ன ஊர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

90 நிமிடம் முடிந்தது, கோல் இல்லை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த நிலையில், விர்ஜிலியோ லெவ்ராத்தோ என்ற 17 வயதுப் பையன் இடது காலால் ஓங்கி ஓர் உதை விட்டான். ஒரே கோல். கோப்பை வாடோவுக்கு! அந்தப் பந்து வலையையே கிழித்துக்கொண்டு போனது என்று நூறு வருடமாகச் சொல்லி வருகிறார்கள். வலை ஏற்கெனவே நைந்திருந்ததோ என்னவோ, 'வலை கிழிப்பவன்' என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் ஜெனோவா, இன்டர், லாட்சியோ கிளப்களுக்கு ஆடினார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இத்தாலிய அணியிலும் இருந்தார்.

ஆனால், சின்ன கிளப்களின் வெற்றி அந்தக் கோடையோடு சரி. அதே கோடையிலேயே இரண்டு தரப்பும் சமாதானம் ஆயின. அடுத்த பருவத்தில் வடக்குப் பகுதியின் முதல் நிலைக்கு 36 அணிகள்தான். ஓட்டுப் போட்டுத் தடுத்த திட்டம் வேறு உருவத்தில் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. 1926-ல் சம்பளத்துக்கு ஆடுவதற்கும் வழி பிறந்தது. பணம் இருந்த ஊர்கள் மேலே போயின. வாடோ மாதிரி ஊர்கள் கீழேயே தங்கின. கோப்பைப் போட்டியும் நின்றுபோனது. 1926-ல் மறுபடி தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள். 1935-36-ல்தான் அது உயிர் பெற்றது.

வாடோ வென்ற அந்தக் கோப்பையும் ஊரில் நிலைக்கவில்லை. எத்தியோப்பியப் போரின்போது, 'தாய்நாட்டுக்குத் தங்கம் கொடுங்கள்' என்று முசோலினி அரசு கேட்டது. பெண்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். வாடோவின் கோப்பையும் அப்படித்தான் போனது என்கிறார்கள். இன்று கிளப்பிடம் இருப்பது கூட்டமைப்பு பின்னாளில் செய்து கொடுத்த நகல்.

'பெரிய அணிகள் ஆடாத போட்டியில் ஜெயித்ததெல்லாம் ஒரு ஜெயமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால், அவர்களை யாரும் வராதே என்று தடுக்கவில்லை, அவர்களாகப் போனார்கள். வந்தவர்கள் ஆடினார்கள், ஆடியவர்களில் ஒருவர் ஜெயித்தார். இரண்டு மணி நேரம் ஓடிய கால்களின் களைப்பு, எதிரில் நின்றது யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

அதன் பிறகு வாடோ பெரும்பாலான காலத்தைக் கீழ்நிலை லீக்குகளிலும் அமெச்சூர் போட்டிகளிலுமே கழித்தது. 1962-ல் நாபோலி இரண்டாம் நிலையில் இருந்தபடி கோப்பையை வென்றது. முதல் நிலைக்கு வெளியே இருந்து அதை வென்றவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே. நாபோலி மேலே ஏறி நாட்டின் சாம்பியனும் ஆகிவிட்டது. வாடோவுக்கு அந்த ஒரு கோப்பைதான். பட்டியலை யார் எடுத்துப் படித்தாலும், முதலில் உச்சரிக்க வேண்டியது அந்தச் சின்ன ஊரின் பெயரைத்தான்.