செம்மறிப் பண்ணையும் சிங்காரக் கதையும்

ஆங்கில நாவற் சந்தையில் ஒரே கதை பல அட்டைகளோடு உலாவி வருகிறது. மனம் முறிந்து பிரிந்த சகோதரிகள் இருவருக்குத் தந்தையின் செம்மறிப் பண்ணை முதுசமாகக் கிடைக்கிறது. ஒருத்தி நகரத்திலிருந்து குதி உயர்ந்த சப்பாத்தோடு வந்து சேற்றில் விழுகிறாள், மற்றவள் சிரிக்கிறாள். அயற்பண்ணையாளன் ஒருவனும் மிருக வைத்தியர் ஒருவரும் வந்து சேருகின்றனர். ஈற்றிலே இரு காதல்களும் கைகூட, சகோதரிகளும் ஒன்றுபடுகின்றனர்.

சிரிப்பும் காதலும் இலக்கியத்துக்கு ஆகாதவை என்று வாதிட நாம் முன்வரவில்லை. பண்ணையில் உழைப்பவர் யார், அது யாருக்கு உரியது என்ற இரு வினாக்களையும் இந்நாவல்கள் மூடி மறைப்பதையே கண்டிக்கிறோம்.

சகோதரிகள் ஏன் பிரிந்தனர்? சுபாவ பேதம், பழைய காதற் போட்டி என்று நாவலாசிரியர் கூறுவார். பண்ணையின் கணக்குப் புத்தகமோ வேறு விடை தரும். நிலத்தின் விலை பெரிது. செம்மறியால் வரும் வருமானம் சிறிது. பிரித்தானியாவில் பல ஆண்டுகளிற் கம்பளி விற்ற காசு உரோமம் கத்தரித்த கூலிக்கே போதவில்லை. இறைச்சி விலையும் அரசாங்க மானியமுமே பண்ணைகளைத் தாங்கின. ஒருத்தி தன் பங்கை விற்க முனைந்தால், மற்றவள் சந்தை விலைக்குக் கடன்பட்டு அதனை வாங்க வேண்டும். அக்கடனை ஆடுகள் அடைக்கமாட்டா. குட்டி ஈனும் காலத்தில் இராக்கண் விழித்தவளின் சம்பளமற்ற உழைப்பும், வெளியேறியவளின் சட்டபூர்வமான பங்கும் இங்கேதான் மோதுகின்றன. இம்மோதலை ஒரு முத்தம் தீர்த்து வைக்குமா?

இது வெறும் ஊகமன்று. வேல்ஸிலே ஒரு பாற்பண்ணையிற் குறைந்த கூலிக்கு நெடுங்காலம் பாடுபட்ட மகளொருத்தி, பண்ணை தனக்கே வரும் என்ற வாக்குறுதியை நம்பி ஏமாந்து, பெற்றோருக்கெதிராக நீதிமன்றம் ஏறினாள். 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவளுக்கு 500,000 பவுண் வழங்கத் தீர்ப்பளித்தது. பாசத்தின் பெயரால் வாங்கப்பட்ட உழைப்புக்கும் விலையுண்டு என்பதை நீதிமன்றம் கண்டது. நாவல் காண மறுக்கிறது.

காதலும் நகைச்சுவையும் யதார்த்தத்துக்குப் பகையல்ல என்பதற்குத் தோமஸ் ஹார்டி சான்று. 1874இல் வெளிவந்த ‘ஃபார் ஃப்ரம் த மாடிங் க்ரௌட்’ செம்மறிகளுக்கிடையே நிகழும் காதற் கதைதான். ஆயின் கேப்ரியல் ஓக் தன் மந்தையை ஒரே இரவில் இழந்து, சொந்தக்காரன் என்ற நிலையிலிருந்து கூலி மேய்ப்பனாக வீழ்கிறான். அவன் விரும்பும் பாத்ஷீபா அவனுக்கு எசமானியாகிறாள். நாட்டுப்புறத்தாரின் வேடிக்கைப் பேச்சும் அங்கு நிறைய உண்டு. அதனால் உண்மை குறைந்துவிடவில்லை.

பசும்புல் மலையும் வெண்ணிற மந்தையும் புத்தக அட்டைக்கு அழகுதான். அப்பசுமைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஸ்கொட்லாந்தின் சதர்லாந்துப் பகுதியில் 1814 முதல் 1820 வரை ஏறக்குறைய 15,000 குடிமக்கள் துரத்தப்பட்டு, அவர்தம் நிலம் மேய்ச்சல் நிலமாக்கப்பட்டது; 1825 அளவில் அவர்களுடைய இடத்தில் 131,000 செம்மறிகள் நின்றன என்று மார்க்ஸ் ‘மூலதன’த்திற் கணக்குக் காட்டினார். மனிதரற்ற அம்மலைச்சாரலை இயற்கையின் அமைதியென்று வருணிப்பவர், துரத்தியவன் தொடங்கிய வேலையைத் தமது பேனாவால் முடித்து வைக்கிறார்.

பாகப்பிரிவினையின் வேதனையையும் வேடிக்கையையும் ஒருங்கே சொல்லும் நாவல் வருமாயின் நாம் அதனை மனமுவந்து வரவேற்போம். அதுவரை, ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, இக்கதைகளை வாசியுங்கள். சிரிப்பு வந்தாற் சிரியுங்கள். ஆனால் புத்தகத்தை மூடுமுன், உரோமம் கத்தரித்தவனின் பெயர் எத்தனையாம் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.