மூன்றாம் மாடியில் ஒரு மூட்டுவலி

2020 ஊரடங்கின்போது நகரத்து வீடுகள் பலவற்றுக்கு நாய்க்குட்டிகள் வந்து சேர்ந்தன. பெரியவர்களுக்கு வீட்டிலேயே வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, கொஞ்சுவதற்கு ஓர் உயிர் தேவைப்பட்டது. அந்தக் குட்டிகள் இப்போது நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இன நாய்கள் ஏழெட்டு வயதிலேயே முதுமைக்குள் நுழைந்துவிடுவதாகக் கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். எனவே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படியேறத் திணறும் நாய்கள் இனி அதிகமாகக் கண்ணில் படும். அதைப் பற்றி இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சிக்கல் முற்றிய பிறகு கூடும் சங்கக் கூட்டங்களில் யாரும் யாரையும் பேச விடுவதில்லை.

நாய்க்கு வரும் மூட்டுவாதம் மனிதருக்கு வருவதைப் போன்றதே. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது, மூட்டு வீங்குகிறது, அசைவு குறைகிறது. ஆனால் நாய் தன் வலியைச் சொல்வதில்லை, பெரும்பாலும் கத்துவதும் இல்லை. படுத்து எழுந்ததும் முதல் சில அடிகளை விறைப்பாக வைக்கும். சோபாவில் தாவி ஏறுவதை நிறுத்திவிடும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். நாமோ வயதாகிவிட்டது, அதனால்தான் மந்தம் என்று விட்டுவிடுகிறோம்.

வலி சில நாய்களின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஆசையாக இடுப்பில் தட்டுகிறது. அதுவரை ஒருமுறைகூட உறுமாத நாய் அன்று உறுமுகிறது. அந்தப் பெற்றோர் அஞ்சுவதில் தவறே இல்லை. “எங்கள் நாய் அப்படிப்பட்டது அல்ல” என்று வளர்ப்பவர் சொல்வதும் உண்மைதான். இடையில் இருக்கும் வலியை மட்டும் இரு தரப்பும் பார்ப்பதில்லை. திடீரென்று சிடுசிடுக்கும் நாயை மருத்துவரிடம் காட்டுவது வளர்ப்பவரின் கடமை. வயதான நாயை முன்பக்கமாக வந்து, அது பார்க்கும்படி, கேட்டுவிட்டுத் தொடக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது பெற்றோரால் முடிகிற காரியம்.

லிஃப்ட் தகராறு எல்லாக் குடியிருப்புகளுக்கும் பொதுவானது. முடியும் வாடையும் ஒவ்வாமல் தும்முபவர்கள் இருக்கிறார்கள். நாய் என்றாலே உடல் நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் இது சின்ன விஷயம் இல்லை. மறுபக்கம், முப்பது கிலோ எடையுள்ள நாயை மூன்று மாடி நடத்தியே இறக்கு என்றால், ஒவ்வொரு படியும் அதன் இடுப்பு மூட்டில் இடிக்கும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வளர்ப்பு நாய்களுக்கு லிஃப்டை மறுக்கக் கூடாது என்றும் அதற்காகத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் விதியைக் காட்டி வென்ற பிறகும் அதே லிஃப்டில்தான் நாளையும் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம் “வரலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்பதும், அவர் தயங்கினால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும் வாய்ச்சண்டைகளில் பாதியைத் தவிர்த்துவிடும்.

இன்னொன்றையும் அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். மூட்டுவலி உள்ள நாய்க்கு நடை தேவையில்லை என்பது தவறு. அசையாமல் கிடந்தால் தசை வற்றி மூட்டுக்குச் சுமை கூடும். ஒரே நீண்ட நடைக்குப் பதிலாக, தார்ச்சாலை கொதிக்காத நேரங்களில், சின்னச் சின்ன நடைகளாக மூன்று நான்கு முறை அழைத்துப் போகவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்த நாயைப் படிக்கட்டிலும் முற்றத்திலும் முன்பைவிட அதிகமாகப் பார்ப்போம். சில நேரம் கீழே இறங்குவதற்குள் அதற்கு அவசரம் முந்திக்கொள்ளும். கையில் துணியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் வளர்ப்பவர் வெளியே வரக் கூடாது. அவர் துடைத்துவிட்டுப் போனதைப் பார்த்த பிறகும் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது நமக்கும் அழகல்ல.

தரைக்கு வருவோம். வழுக்கும் பளபளப்பான டைல்ஸ் வயதான நாய்க்குப் பெரிய எதிரி. நிற்கும்போதே பின்னங்கால்கள் விலகி வழுக்கும், எழ முயலும்போது மூட்டு மேலும் முறுக்கிக்கொள்ளும். அடியில் ரப்பர் ஒட்டிய தென்னைநார் விரிப்போ பழைய யோகா விரிப்போ நடைபாதை முழுவதும் போட்டால் போதும். நகத்தை அளவாக வெட்டி, பாதத்துக்கு இடையில் வளரும் முடியையும் குறைத்தால் பிடிமானம் கூடும். படுக்க, எலும்பு தரையில் அழுந்தாத தடிமனில் ஒரு மெத்தை வேண்டும். இவை வீட்டுக்குள் செய்துகொள்ள வேண்டியவை. பொது இடத்தில் வேண்டியது நுழைவாயில் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் வழுக்காத தரையும். இதை நாய்க்காக என்று கேட்டால் சங்கத்தில் நாலு பேர் எதிர்ப்பார்கள். இரண்டாம் மாடிப் பாட்டியின் முழங்காலுக்கும், சக்கர நாற்காலிக்கும், தள்ளுவண்டிக் குழந்தைக்கும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் வேண்டியதும் இதே சாய்தளம்தான். செலவைப் பங்கிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எடை. அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களை ஜோடிகளாகப் பிரித்து, குட்டிப் பருவம் முதல் இறுதிவரை கவனித்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு. 2002-இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. நாய் உணவு விற்கும் நிறுவனமே குறைவாகப் போடுங்கள் என்று சொல்ல நேர்ந்தது! ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்க்கும், எடையைக் கொஞ்சம் குறைத்தாலே நடை தேறுகிறது. விரலால் தடவினால் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும் என்பது எளிய சோதனை.

இங்கேதான் ஊரே கூட்டாளி. காலையில் டீக்கடைக்காரர் ஒரு பிஸ்கட் போடுகிறார், வாட்ச்மேன் இன்னொன்று. மாலையில் விளையாட வரும் பிள்ளைகள் ஆளுக்கொன்று தருகிறார்கள், எதிர்வீட்டு அம்மா மிச்சமான தயிர்சாதத்தை எடுத்து வருகிறார். எல்லாம் பாசத்தில் செய்வதுதான், யாரையும் குறைசொல்ல முடியாது. வளர்ப்பவருக்கோ “கொடுக்காதீர்கள்” என்று சொல்லக் கூச்சம், சொன்னால் கேட்பவருக்கு வருத்தம். கொடுக்கவே வேண்டாம் என்பதற்குப் பதிலாக, நறுக்கிய கேரட்டோ வெள்ளரித் துண்டோ ஒரு டப்பாவில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்தால் பாசத்துக்கும் இடமிருக்கும், மூட்டுக்கும் கேடில்லை.

கூச்சம் பார்க்கவே கூடாத இடம் மருந்து. நமக்கு எழுதிக்கொடுத்த ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. இவை நாயின் குடலைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். பாராசிட்டமால்கூட அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். நாய்க்கு ஏற்ற வலிநிவாரணிகள் உண்டு. அவற்றையும் எடை பார்த்து, நீண்ட நாள் கொடுப்பதானால் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில்தான் தர வேண்டும். “நாய்க்கு” என்று கேட்டு வருபவரிடம் சீட்டு எங்கே என்று கேட்கும் மருந்துக்கடைக்காரர் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை, ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்.

செலவு உண்மையான தடை. எக்ஸ்ரே, பரிசோதனை, மாதாமாதம் மருந்து என்று சேர்ந்தால் நடுத்தரக் குடும்பம் மலைக்கும். சென்னையில் 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சிற்றூர்களில் இருப்பது மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் கால்நடை மருந்தகம். பிழைப்பு தரும் கறவைக்கு அங்கே முதலிடம் என்பது நியாயமே. வாரத்தில் ஒரு பிற்பகலை நாய், பூனைகளுக்கென்று ஒதுக்க முடியுமா என்று உள்ளாட்சியும் கால்நடைத் துறையும் பேசிப் பார்க்கலாம். இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடக்க முடியாத நாய் ஓர் இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தத் தொகைக்கு அஞ்சி யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. “முடியவில்லை” என்று வெட்கப்படாமல் சொல்லி உதவி கேட்கும் சூழல் குடியிருப்பில் இருந்தால் வைத்துக்கொள்வார்கள்.

எந்த மருந்துக்கும் கட்டுப்படாத வலி வந்தால், ஊசி போட்டு நிம்மதியாகப் போகவிடுவதா, தானாகப் போகும்வரை பார்த்துக்கொள்வதா என்பதில் நல்லவர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். அது குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. லிஃப்ட் வாசலில் அறிவுரை சொல்லாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பல சங்கங்களில் ஒரு கூட்டம் நடக்கும். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட்டால் எந்த வீட்டு முதியவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும், யார் கைகொடுப்பார்கள் என்று பட்டியல் எழுதுவார்கள். அதில் வயதான நாய் உள்ள வீட்டின் எண்ணையும் சேர்த்துவிடலாம். அகலமான துண்டு ஒன்றை அதன் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பின்னங்கால்களைத் தாங்கினால் மூன்று மாடியை இறங்கிவிடலாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாயின் வீட்டுக்காரராக இருந்தால், இன்னொருவர் யார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.