மஷூரா முடிந்த பிறகு: வாராந்திரக் கூட்டங்களும் வேலைப் பலகையும்



நம் மஹல்லாக்களில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஜமாஅத் நிர்வாகக் குழு, மதரஸா ஆசிரியர் குழு, பைத்துல்மால் குழு, இளைஞர் குழு என ஒவ்வொன்றும் வாரந்தோறும் கூடுகிறது. இஷாவுக்குப் பின் தொடங்கும் கூட்டம் இரவு பத்தரை மணி வரை நீள்கிறது. அந்த நேரத்தில் பெரும்பகுதி, "சென்ற வாரம் சொன்ன வேலை என்னவாயிற்று?" என்ற கேள்வியிலும், "பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ் ஆகிவிடும்" என்ற பதிலிலும் கழிகிறது. அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில்.

இதனால் வீணாவது நேரம் மட்டுமன்று. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாழும் நாம், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை மறந்துவிடவில்லை. உழைத்துச் சம்பாதித்தவரை இழந்த ஒரு வீட்டிற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நல வாரிய விண்ணப்பம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் காத்திருக்கும். கூட்டத்தில் எல்லோரும் அக்கறையுடன் பேசுவோம். "நாம் பார்த்துக்கொள்வோம்" என்று முடிப்போம். அந்த 'நாம்' யார் என்பது மட்டும் முடிவாகாது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைக்க, வாரங்கள் ஓடிவிடும். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் நம் நினைவுக்காகக் காத்திருப்பதில்லை.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கே 'அஷ்ஷூரா' என்று பெயர். அதன் 38ஆம் வசனம், தங்கள் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவோரைப் புகழ்கிறது. தொழுகைக்கும் தர்மத்திற்கும் இடையில் ஆலோசனையை வைத்துப் பேசுகிறது. 3ஆம் அத்தியாயத்தின் 159ஆம் வசனமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆலோசனை செய்யுமாறு நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிட்டு, பின்னர் உறுதி கொண்டுவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கூறுகிறது. ஆக ஆலோசனை, உறுதி, தவக்குல் என்பதே வரிசை. நாமோ ஆலோசனையிலிருந்து நேராகத் தவக்குலுக்குத் தாவிவிடுகிறோம். நடுவிலுள்ள உறுதி விடுபட்டுப் போகிறது. 'இன்ஷா அல்லாஹ்' என்பது, செய்வேன் என்று தீர்மானித்தவன் தன் இயலாமையை உணர்ந்து சொல்லும் சொல். செய்யாமல் தப்பிப்பதற்கான சொல்லாக அதை ஆக்கிவிடுவது எவ்வளவு பெரிய அநீதி!

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவைக் காக்க அகழ் தோண்டப்பட்ட வரலாற்றைப் பாருங்கள். சல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் யோசனை ஏற்கப்பட்டது. அத்துடன் சபை கலைந்துவிடவில்லை. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலை அளந்து பிரிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். எந்தப் பகுதி யாருடையது என்று அங்கே ஐயத்திற்கு இடமிருக்கவில்லை.

இந்த அளந்து பிரிக்கும் வேலைக்குத்தான் இன்று திட்ட மேலாண்மை மென்பொருள்கள் பயன்படுகின்றன. 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ அவற்றுள் ஒன்று. நம் பக்கத்து மாவட்டமான தென்காசியின் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்' மற்றொன்று. சிறு குழுக்கள் இவற்றைக் கட்டணமின்றியே பயன்படுத்தலாம்; தமிழிலேயே எழுதலாம். அடிப்படை மிக எளிது. கைப்பேசித் திரையில் ஒரு பலகை. அதில் 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'தடைபட்டவை', 'முடிந்தவை' என்று நான்கு பத்திகள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஒரே ஒருவர் பெயர், ஒரு தேதி. வேலை நகர நகர அட்டையும் அடுத்த பத்திக்கு நகரும்.

இதற்கு வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காலையில் பதிவான ஒரு முக்கியச் செய்தி, மாலைக்குள் வாழ்த்துகளுக்கும் காணொளிகளுக்கும் கீழே புதைந்துவிடுகிறது. பலகையில் வைத்த அட்டையோ, ஒருவர் நகர்த்தும் வரை இடம் மாறாது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கொடுத்த பணம் எழுதப்பட வேண்டுமென்றால், கொடுத்த வாக்கும் எழுதப்படுவது நல்லதல்லவா?

பலகை வந்ததும் கூட்டத்தின் முறையும் மாற வேண்டும். உறுப்பினர்கள் முந்தைய நாளே தத்தம் அட்டைகளைச் சரிசெய்துவிட வேண்டும். முடிந்தவற்றையும் நடப்பவற்றையும் கூட்டத்தில் வாய்விட்டு ஒப்பிக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். 'தடைபட்டவை' பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, என்ன தடை, யார் உதவலாம் என்று பேசினால் அதுவே உண்மையான மஷூரா. முக்கால் மணி நேரம் போதும். கைப்பேசியில் பழக்கமில்லாத மூத்தவர்களுக்காக ஓர் இளைஞர் அட்டைகளை நகர்த்தித் தரலாம். அதுவும் இயலாத இடத்தில் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தாலே இம்முறை நடக்கும். முறைதான் முக்கியம், கருவியன்று.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, சபையில் பேசப்படுபவை அமானிதம். பைத்துல்மாலில் உதவி பெறும் குடும்பத்தின் பெயரையோ, ஒரு வீட்டின் தலாக் பிரச்சினையையோ பலர் பார்க்கும் பலகையில் எழுதுவது ஆகாது. கோப்பு எண்ணை மட்டும் குறித்தால் போதும்.

இரண்டாவது, துருவித் துருவி ஆராய்வதை 49:12ஆம் வசனம் தடுக்கிறது. பலகை வேலையைப் பார்ப்பதற்கே, ஆளைப் பிடிப்பதற்கன்று. அட்டை ஒரே இடத்தில் நின்றால், "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதற்கு முன், "என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். நம்மிடம் பணிபுரிவோர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள். பகலெல்லாம் ஆலையிலும் கடையிலும் உழைத்துவிட்டு வருகிறவர்கள்.

மூன்றாவது, 'முடிந்தவை' பத்தி நீள நீள உள்ளத்தில் முகஸ்துதி நுழையலாம். யார் எத்தனை முடித்தார் என்று எண்ணிப் பாராட்டும் வழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்ப்பது நலம்.

நம் பகுதிப் பட்டாசு ஆலைகளின் அறைச் சுவர்களில், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விபத்துக்குப் பின், எழுதியிருந்த அளவு மீறப்பட்டது என்ற செய்தி மீண்டும் மீண்டும் நம் காதில் விழுகிறது. எழுத்து சுவரில்தான் இருந்தது. மனிதர்கள் அதை மதிக்கவில்லை. வேலைப் பலகைக்கும் இது பொருந்தும். ஒருவர் தலையில் பத்து அட்டைகளை ஏற்றிவிட்டு, பலகை இருக்கிறதே என்று நிம்மதியடைந்தால் பயனில்லை. ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வேலைகள் என்று வரம்பு வைத்து, அந்த வரம்பை மதியுங்கள்.

வாக்குறுதி பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்று 17:34ஆம் வசனம் எச்சரிக்கிறது. கூட்டத்தில் "நான் செய்கிறேன்" என்று கையுயர்த்துவதும் வாக்குறுதியே. அதை மறதியிடம் ஒப்படைக்காமல் பெயரோடும் தேதியோடும் எழுதி வைப்பது, அந்த விசாரணைக்கு நாம் செய்துகொள்ளும் சிறிய ஆயத்தம். வரும் வாரக் கூட்டத்தில் ஒரே ஒரு வேலையை எடுத்து இப்படித் தொடங்கிப் பாருங்கள்.

ஏற்ற பொறுப்புகளை முறையாக நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.