மயன் எழுதாத கணக்கு

கற்பனை ராஜ்யத்துக்கு உலோகமும் ஆயுதமும் படைப்பது நமக்குப் புதிதன்று. பொன், வெள்ளி, இரும்பினால் மூன்று பறக்கும் கோட்டைகளை மயன் அசுரருக்குச் சமைத்தானாம். செலவுக் கணக்கைத்தான் புராணத்தில் காணோம்!

கணக்கோடு பார்க்க விரும்பும் நேயர்கள் பழவேற்காட்டு ஏரிக்கு வரலாம். 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டை எழுப்பி, வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்து வெடிமருந்து செய்து கப்பலேற்றினர். இன்று எதிர்க்கரையான ஸ்ரீஹரிகோட்டாவில், போருக்கன்றி விண்கோளுக்காக எழும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டக் கூடு மாரேஜிங் எஃகு. நூற்றுக்கு 18 பங்கு நிக்கல், கரியோ இல்லையென்றே சொல்லலாம். எந்தக் கதாசிரியர் இதைக் கனவு கண்டார்?

ராக்கெட் கிளம்பும் நாளில் குப்பத்துப் படகுகள் கடலிறங்க வேண்டாமென்று உத்தரவு. மீனவர் அண்ணாந்து பார்க்கிறார்கள். அன்றைய மீன் கடலிலேயே இருக்கிறது.