ஊசி பிடிக்கும் கைக்கு ஒரு படிப்பு

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் புணேயின் கட்கியில், பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளை ‘மாட்டு டாக்டர்’ ஆக விரும்பினால் வழி ஒன்றுதான்: நீட் தேர்வு, பிறகு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. அது கிடைக்காதவருக்கு, விலங்குகளோடு வேலை செய்யும் ஆசையை மறந்துவிடு என்பதே நம் அறிவுரை.

இத்தனைக்கும் கட்கியை ஒட்டிய ஔந்தில்தான் மாநிலக் கால்நடைத் துறை ஆணையரகமும், கால்நடைத் தடுப்பூசிகள் தயாரிக்கும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. நாட்டின் முதல் கால்நடை நோய் ஆய்வுக்கூடம் 1889இல் தொடங்கியதும் புணேயில்தான். 1893இல் அது முக்தேஷ்வர் மலைக்கு மாறியது. தடுப்பூசி தயாரிப்பதில் இவ்வளவு முன்னோடியான ஊர், அதைப் போடும் கையைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா?

அந்தக் கையின் வேலை எளிதல்ல. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். வழியில் சூடேறினால் ஊசி போட்டும் பயனில்லை. சினை ஊசிக்கான உறைவிந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும். எடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் பதமாக இளக்க வேண்டும். பதம் தப்பினால் மாடு சினை பிடிக்காது, நஷ்டம் விவசாயிக்கு.

சட்டம் இந்தக் கையை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு சேவைகளை, பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்றவர்கள் செய்யலாம் என்கிறது 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை ஊர்தித் திட்டத்திலும் மருத்துவர், ஓட்டுநரோடு ஓர் உதவியாளருக்கு இடம் உண்டு.

இந்தக் கைக்கென ஒரு குறுகிய படிப்பு வேண்டும். அரைகுறைப் படிப்பு போலி மருத்துவர்களைப் பெருக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், எல்லை வகுக்காத இடத்தில்தான் போலிகள் முளைக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் டெல்லி என்ற சிற்றூரில் 1961இல் இரண்டாண்டு கால்நடைத் தொழில்நுட்பப் படிப்பு தொடங்கியது. பின்னர், குறுகிய காலத் தொழிற்படிப்புகள் தரும் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றுக்கும் அது பரவியது. அங்கே நோயைக் கணிப்பதும், மருந்து எழுதுவதும், அறுவை சிகிச்சையும் மருத்துவரின் வேலை. ஆய்வகச் சோதனை, எக்ஸ்ரே, மயக்க மருந்தின்போது கண்காணிப்பு ஆகியவை தொழில்நுட்பரின் வேலை. யார் எதைச் செய்யலாம் என்பதில் குழப்பமில்லை.

சமுதாயக் கல்லூரியும் நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலேயே ஒன்றைத் தொடங்கிவிட்டது. கட்கியில் வகுப்பறை, ஔந்தில் செய்முறை, மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தேர்வு, எல்லை குறித்த உரிமம் என்று ஒரு படிப்பைத் தொடங்க முடியும். நன்றாகப் பணியாற்றியவருக்குப் பிற்காலத்தில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் சில இடங்களையும் ஒதுக்க வேண்டும். ஏறப் படியில்லாத வேலைக்குப் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்தகப்பன் சம்மதிப்பார்கள்?